ஒரு சாயங்காலத்து ஏழாம் மாதம்

கல்யாணமாகி நாலு வருஷத்தில் என் வீட்டுக்காரர் என்னை எங்கேயாவது கூட்டிக்கொண்டு போனார் என்றால் அது ஆஸ்பத்திரிக்குத்தான். அதுவும் போகும்போது மட்டும்தான் கூட வந்தார். திரும்பி வந்தது நானும் என் அம்மாவும். ஏழாம் மாதம், பிள்ளை செத்துப் பிறந்தது. வளைகாப்புக்கு நாள் குறித்து வளையல்காரரிடம் சொல்லிக்கூட வைத்திருந்தார்கள். அந்த மனுஷன் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை. "பாத்து என்ன ஆவப்போவுது" என்று களத்துக்குப் போய்விட்டார்.

அன்றிலிருந்து என் மாமியாருக்கு ஒரே பேச்சு. என் வீட்டுக்காரருக்கு அத்தை மகள் திரிபுரசுந்தரி இருக்கிறாளாம், இடுப்பு அகலமாம், வந்த வருஷமே பெற்றுப் போடுவாளாம். நான் சோறு போடும்போது என் காதுபடவே சொல்லுவாள். அவர் வேண்டும் என்றும் சொல்ல மாட்டார், வேண்டாம் என்றும் சொல்ல மாட்டார். குனிந்து சாப்பிடுவார். அவர் வாயிலிருந்து அந்த ஒரு 'வேண்டாம்' வந்தால் போதும், அந்த வீட்டில் எனக்கு ஓர் இடம் இருக்கிறது என்று நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

அப்படிப்பட்டவர், எழுபத்தெட்டாம் வருஷம் ஆனி மாதத்தில் ஒரு நாள், "வல்லி, நாளைக்குக் காரைக்கால் போவோமா? கடலப் பாத்துட்டு ஓட்டல்ல சாப்புட்டுட்டு வரலாம்" என்றார். அதுவரை "இந்தா", "ஏய்" என்பதைத் தவிர வேறு விதமாக என்னைக் கூப்பிட்டவரில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. பெண்டாட்டியைத் தள்ளிவைக்க நினைப்பவன் கடலைக் காட்டக் கூட்டிப் போவானா என்று நினைத்தேன். அவ்வளவுதான் என் புத்தி.

நாகூரில் பஸ் ஏறிக் காரைக்காலில் இறங்கினோம். முதலில் அம்மையார் கோயில். அர்ச்சனைக்குக் குருக்கள் பெயர் கேட்டார். என் பெயரைச் சொல்லிவிட்டு நின்றேன். புருஷன் பெயரை வாயால் சொல்லி எனக்குப் பழக்கமில்லை, எங்கள் பக்கம் எந்தப் பெண்ணும் சொல்ல மாட்டாள். ரேஷன் கடையில்கூடப் பக்கத்தில் நிற்பவளைக் காட்டிச் சொல்லச் சொல்லுவேன். "அவ உசுரே போனாலும் சொல்ல மாட்டா சாமி" என்று பெருமையாகச் சிரித்துவிட்டு அவரே சொன்னார்.

கடற்கரையில் காற்று புடவையைப் பிய்த்தது. தாலிக்கயிற்றில் கோத்து வைத்திருந்த ஊக்குகளில் ஒன்றைக் கழற்றிக் கொசுவத்தில் குத்திக்கொண்டேன். "தாலியில ஒரு கடையே வச்சிருக்கியே" என்று கேலி செய்தார். முழங்கால் வரை அலையில் நின்றோம். ஒரு பெரிய அலை வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். நாலு பேர் பார்க்கிற இடத்தில் பிடித்தார். அந்தச் சந்தோஷத்தைச் சொன்னால் இப்போதும் எனக்கு என் மேலேயே கோபம்தான் வருகிறது.

ஓட்டலில் வஞ்சிர வறுவலோடு சாப்பாடு. "இன்னொரு துண்டு வைங்க, நல்லா சாப்புடட்டும்" என்று பரிமாறுகிறவரிடம் சொன்னார். அப்புறம் பன்னீர் சோடா, அல்வா. கடைத்தெருவில் வளையல் கடை முன்னால் அவராகவே நின்றார். சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி வளையலை இரண்டு கையிலும் முழங்கை வரை அடுக்கச் சொன்னார். "இவ்வளவு எதுக்குங்க?" என்றேன். "அன்னிக்குப் போட முடியாமப் போச்சுல்ல" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மறந்துவிட்டார் என்று நினைத்தேனே, இந்த மனுஷன் மனசிலேயே வைத்திருந்திருக்கிறாரே என்று கடைக்காரர் எதிரிலேயே அழுதேன்.

வெயில் தாழ்ந்ததும், "தெரிஞ்சவங்க வீடு ஒண்ணு இருக்கு, ஒரு எட்டுப் பாத்துட்டுப் போயிடுவோம்" என்று ஒரு சந்துக்குள் கூட்டிப்போனார். அது குஞ்சம்மா என்பவள் வீடு. உள்ளே நுழைந்ததுமே சாராய வாடை. காரைக்காலில் சாராயம் கடை போட்டே விற்பார்கள். எல்லை தாண்டி எங்கள் பக்கம் வந்தால் மதுவிலக்கு, கொண்டு போனால் ஜெயில். குஞ்சம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. வயிற்றைத்தான் பார்த்தாள்.

"எத்தன மாசம் வைக்கட்டும்?" என்று அவரைக் கேட்டாள்.

"ஏழு" என்றார். வாய் கூசவில்லை.

"அதான் சரி. ஒம்பதுன்னா பஸ்ல இருக்குறவளுவ எல்லாம் எப்ப நாளுன்னு புடிச்சுக்குவாளுவ."

கால்பந்துக்குள் வைக்கிற ரப்பர் பைகளில் சாராயத்தை நிரப்பி வைத்திருந்தாள். அதை என் வயிற்றில் வைத்துப் பழைய வேட்டியால் கட்டி, மேலே புடவை கட்ட வேண்டும். "வளகாப்புப் போட்ட புள்ளத்தாச்சி மேல எந்தப் போலீசும் கை வைக்க மாட்டான்" என்றாள். கை நிறைய வளையல் எதற்கு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"என்னால முடியாதுங்க" என்றேன்.

"மிராசுதார் வீட்டு விசேஷத்துக்குத்தான். இத மட்டும் செஞ்சுடு வல்லி. அம்மா வாய நான் அடச்சுடுறேன். அந்தப் பேச்சே இனிமே வூட்டுல வராது."

நாலு வருஷமாக நான் காத்திருந்த வார்த்தை அது. கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். குஞ்சம்மா இறுக்கிக் கட்டினாள். நடந்து பார்த்தபோது என்னை அறியாமல் என் கை அடிவயிற்றைத் தாங்கிக்கொண்டது. "பாருங்க, யாரும் சொல்லிக் குடுக்காமலே வருது" என்று அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். அவளிடம் ஒரு கிளாஸ் வாங்கிக் குடித்துவிட்டு, வெளியே வந்து வேப்பங்கொத்து ஒன்றை ஒடித்து என் கையில் கொடுத்தார்.

பஸ்ஸில் கூட்டம். என்னைக் கண்டதும் ஒரு கிழவி, "புள்ளத்தாச்சி வருது, எந்திரிங்க" என்று அதட்டிப் பக்கத்தில் இடம் வாங்கிக் கொடுத்தாள். தருமபுரத்து லூர்தம்மாள், வேளாங்கண்ணிக்குப் போகிறாள். கேட்காமலே என் வயிற்றில் கையை வைத்தாள்.

"தலப்புள்ளயா?"

"இல்லம்மா. மொதல் புள்ள தவறிப்போச்சு."

"இது தவறாது. மாதாகிட்ட உம் பேரச் சொல்லி மெழுகுவத்தி ஏத்துறேன்." கையை எடுக்காமலே கண்ணை மூடி ஜெபமாலை சொல்ல ஆரம்பித்தாள். அவள் கைக்குக் கீழே சாராயம் தளும்பியது. அவள் பிள்ளை புரள்கிறது என்று நினைத்திருப்பாள்.

வாஞ்சூர் செக்போஸ்ட் வருவதற்கு முன்னால் அவர் கூட்டத்தில் நெருக்கி வந்து என் காதருகே குனிந்தார். குடித்த வாய் சும்மா இருக்குமா.

"இது மிராசுதாருக்கு இல்ல வல்லி. நாளன்னிக்கு எனக்குப் பரிசம். திரிபுரசுந்தரி வூட்டு ஆளுவளுக்கு ஊத்தணும்ல? நீ பயப்புடாத, உன்ன வெளியில தள்ள மாட்டேன். அவ பெத்துக்கட்டும். நீ மாசம் ஒருதரம் இதச் சொமந்துக்கிட்டு ஒரு ஓரமா இருந்துக்க."

நல்ல சேதி சொல்கிறவர் முகம் அது. சத்தியமாக என்னைச் சமாதானப்படுத்துகிறோம் என்றுதான் நினைத்தார்.

பஸ் நின்றது. ஆண்களை எல்லாம் இறங்கச் சொன்னார்கள். ஏறி வந்த போலீஸ்காரர் என் வளையலைப் பார்த்தார், வேப்பிலையைப் பார்த்தார். "நீ உக்காரும்மா" என்று தன்மையாகச் சொல்லிவிட்டுத் திரும்பினார். தப்பித்தாகிவிட்டது. நான் தாலிக்கயிற்றில் இருந்த இன்னொரு ஊக்கைக் கழற்றினேன். முந்தானைக்குள் கையை விட்டுப் பையைக் குத்திக் கிழித்தேன். மடி நனைந்து, கால் வழியாக ஓடித் தரையில் கொட்டியது.

"ஐயோ, பனிக்குடம் ஒடஞ்சு போச்சு, ஓடியாங்க" என்று லூர்தம்மாள் அலறினாள். பெண்கள் எல்லாம் எழுந்து வந்தார்கள். போலீஸ்காரரே என்னைத் தாங்கக் கையை நீட்டினார். அப்புறம்தான் வாடை எழுந்தது. லூர்தம்மாள் என் வயிற்றிலிருந்து கையை எடுத்துத் தன் புடவையில் துடைத்துக்கொண்டாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். அன்றைக்கு என்னால் தாங்க முடியாமல் போனது அதுதான்.

"கூட வந்தவன் யாரு?" என்று போலீஸ்காரர் கேட்டார். கீழே நின்ற ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி, நாகூர்ப் பக்கம் மெதுவாக நடக்க ஆரம்பித்திருந்தார்.

"புருசன் பேரச் சொல்லும்மா."

"இதுங்க சொல்லாது சார்" என்றார் கூட இருந்த இன்னொரு போலீஸ்காரர். அந்தத் தைரியத்தில்தான் என் வீட்டுக்காரர் ஓடாமல் நடந்தார்.

நான் எழுந்து, சொட்டச் சொட்டப் படிக்கட்டில் வந்து நின்றேன்.

"தெட்சிணாமூர்த்தி" என்று கூப்பிட்டேன்.

"என்ன வல்லி?" என்று அவன் திரும்பினான்.