பாலிஷுக்குப் போன சோபா

ஏலக்கூடத்தில் அன்று இருந்தவர்களை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே உட்காரத் தனி நாற்காலி கிடையாது. விற்கப்போகிற சாமான் மேலேயே உட்கார வேண்டும். விலைபோனால் எழுந்துவிட வேண்டும். நான் ஒரு முக்காலியில். அத்தான் ஆடும் நாற்காலியில். எதிரே, சிங்க முகம் செதுக்கிய பழைய சோபாவின் இடது ஓரத்தில் என் அக்கா. வலது ஓரத்தில் அவள் சம்பந்தியம்மா. கடைசி வரிசையில், இரண்டு நாற்காலி பிடித்து, தன் லாட்ஜுக்குச் சாமான் வாங்க வந்த ஒரு லாட்ஜ்காரர்.

அக்காவும் சம்பந்தியம்மாவும் ஒருவரையொருவர் எதிர்பார்க்கவில்லை. "சும்மா கால் வலிச்சுது, உக்காந்தேன்" என்றாள் அக்கா. "எனக்கும் அதேதான்" என்றார் அவர்.

விஷயம் இதுதான். தன் மகளைப் பெண் பார்க்க வந்த அன்றே அக்கா, நாலு தலைமுறைச் சோபா ஒன்று தன் வீட்டில் இருப்பதாகவும், அது பாலிஷுக்குப் போயிருப்பதாகவும் அளந்துவிட்டாள். சம்பந்தியம்மா சளைக்கவில்லை, அவர்கள் சோபாவும் பாலிஷுக்குத்தான் போயிருந்தது. கல்யாணம் முடிந்து மூன்று மாதமாகியும் இரண்டும் திரும்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டார் விருந்துக்கு வருகிறார்கள். அதற்குள் சோபா வராவிட்டால் அக்காவின் மானம் கப்பலேறிவிடும்.

ஆடும் நாற்காலி முதலில் விலைபோனது. அத்தான் எழுந்து என் பக்கத்தில் நின்றார். அடுத்தது சோபா. அக்கா கை தூக்கினாள். சம்பந்தியம்மா தூக்கினார். லாட்ஜ்காரரும் தூக்கினார்.

"நீங்களுமா?" என்றாள் அக்கா.

"எங்க சோபாவுக்கு ஜோடி தேடுறோம்" என்றார் சம்பந்தியம்மா.

"நாங்களும் ஜோடிக்குத்தான்."

அத்தான் என் காதில், "இல்லாத மாட்டுக்கு ஜோடி மாடு தேடுறாங்கடா மாப்ளே" என்றார்.

லாட்ஜ்காரர் விலையை ஏற்றிக்கொண்டே போனார். "ஒரு தரம்" என்றார் ஏலக்காரர். "ரெண்டு தரம்..."

அக்கா சட்டென்று நடுவில் நகர்ந்து, ஸ்பிரிங் குத்தித் துள்ளி, சம்பந்தியம்மாவின் கையைப் பிடித்துத் தன் கையோடு சேர்த்துத் தூக்கினாள். "பாதிப் பாதி. பிள்ளைங்களுக்குக் கொடுத்திடலாம்."

"நானும் அதைத்தான் நினைச்சேன்" என்றார் சம்பந்தியம்மா, நினைக்காமலே. லாட்ஜ்காரர் கையை இறக்கிவிட்டார்.

அக்காவின் மகளும் மருமகனும் வெளியூரில் ஒற்றை அறையில் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கடிதம் எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஏலக்கூடத்து மேசையிலேயே எழுதினேன். இரண்டு பக்கமும் அக்காவும் சம்பந்தியம்மாவும் நின்றுகொண்டார்கள்.

"ரெண்டு வீட்டுச் சோபாவையும் பிரிச்சு ஒண்ணாப் பண்ணினதுன்னு எழுதுடா. பாலிஷ்காரன் யோசனைன்னு போடு. இனி யாரும் எதையும் தேட வேண்டாம் பாரு" என்றாள் அக்கா.

"கொள்ளுத்தாத்தா உக்காந்ததுன்னும் சேத்துக்குங்க தம்பி" என்றார் சம்பந்தியம்மா.

"யாரு வீட்டுக் கொள்ளுத்தாத்தா?" என்றேன்.

"ரெண்டு பேரும்தான்" என்றாள் அக்கா. "அதான் இவ்வளவு எடம் இருக்கே."

எழுதினேன். நடுவில் ஸ்பிரிங் குத்தும், ஓரமாக உட்காரவும் என்ற வரியை மட்டும் நானாகச் சேர்த்தேன். இருவரும் படித்துத் தலையாட்டினார்கள். உறையை ஒட்டி, விலாசத்தைச் சரிபார்த்து, தெருமுனைத் தபால் பெட்டியில் போட்டேன்.