சாலைக்கு அந்தப் பக்கம்

பனச்சமூட்டில் சாலையின் இந்தப் பக்கம் கேரளம். அந்தப் பக்கம் தமிழ்நாடு. மனைவி ஜிஜா போட்ட விவாகரத்து வழக்கின் சம்மனோடு கோர்ட் ஆமீன் மோகனன் வரும்போதெல்லாம் சஜன் வீட்டிலிருந்து இறங்கி, சாலையைக் கடந்து, சாயாக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொள்வான். நெய்யாற்றின்கரை கோர்ட்டின் கை அங்கே எட்டாது என்று நினைத்திருந்தான்.

கடைசியில், சம்மனை வீட்டுக் கதவில் ஒட்டிவிடும்படி உத்தரவானது. ஆமீனுக்கு வீடு தெரிந்தாலும், அடையாளம் காட்டிச் சாட்சி நிற்க ஜிஜா தரப்பில் ஆள் வேண்டும். அன்றைக்குப் பார்த்து ஜிஜாவின் அண்ணன் ரப்பர் வெட்டப் போகவேண்டும் என்றான். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. மழையில் யார் ரப்பர் வெட்டுகிறார்கள்? அவளே போனாள்.

கதவு நனைந்திருந்தது. மோகனன் தடவிய பசை வழிந்தது. ஜிஜா ஷாலால் கதவைத் துடைத்தாள்.

சாயாக்கடையிலிருந்து சஜன் கத்தினான்: "ஆமீன் சாரே, புது பெயின்டாக்கும். பாத்து ஒட்டணும்!"

பெஞ்சு சிரித்தது.

"எட்டீ ஜிஜா, பள்ளியில கர்த்தரு முன்னால வச்சு கெட்டினதாக்கும். நான் ஒப்பு போடாம எந்தக் கோர்ட்டு உன்னை விடும்?"

அவளுக்கு வலது காது மட்டும்தான் கேட்கும். இடது காது அவன் அடித்ததில் போனது. அவள் திரும்பவில்லை.

"நீ போ மக்கா. நான் பாத்துக்கிடுதேன்," என்றார் மோகனன்.

"பிடிக்கட்டும் சாரே. பொறவு மழையில போச்சுண்ணு சொல்லுவாரு."

காகிதம் பிடிக்கும்வரை உள்ளங்கையை எடுக்காமல் நின்றாள்.

விசாரணை நாளில் சஜனின் பேரைக் கோர்ட் வராந்தாவில் நின்று கூப்பிட்டார்கள். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு சபையில் அந்தப் பேரை அவள் பேரோடு சேர்த்து வாசித்தார்கள். ஆட்சேபம் உண்டா என்று கேட்டார்கள். ஜிஜா கோர்ட் ஜன்னல் வழியே பார்த்தாள். கோர்ட்டுக்கு எதிர்க்கடையில், சாலைக்கு அந்தப் பக்கம், சஜன் சாயா குடித்துக்கொண்டிருந்தான். அங்கே இரண்டு பக்கமும் கேரளம்தான். மூன்றாவது தடவை கூப்பிட்டபோது கிளாஸைத் தாழ்த்தினான். எழுந்திருக்கவில்லை.

அவளுடைய வக்கீல் ஸ்ரீகலாவும் பார்த்துவிட்டாள். "ஆளு அங்ஙன உண்டே. ஆளனுப்பி விளிக்கட்டா?"

"வேண்டாம் மேடம். மூணு தடவை விளிச்சாச்சு. இனி நான் பேசுதேன்."

அவன் வராததால் அவள் தரப்பை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்வதாக நீதிபதி அறிவித்தார். ஜிஜா கூண்டில் ஏறினாள். எங்கிருந்து தொடங்குகிறாய் என்று நீதிபதி மலையாளத்தில் கேட்டார்.

அவள் இடப்பக்க முடியை ஒதுக்கினாள்.

"இந்தக் காதிலேருந்து, சாரே."