பதினேழாம் நபர்

இடது கால் கட்டைவிரல் நகத்தை அவர் வெட்டிக்கொண்டிருந்தபோதுதான் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

“நான் போனப்புறம், காலையில எழுந்ததும் முதல்ல என்ன செய்வீங்க?”

கடிகாரம் பழுது பார்க்கிறவருக்குக் கை நடுங்கக் கூடாது. அவருக்கும் நடுங்கவில்லை. நகவெட்டியை அப்படியே பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். வெளியே யாரோ சைக்கிளை ஸ்டாண்ட் போட்டார்கள். எதிர்வீட்டுக் குழாயடியில் வாளி நிறைந்து வழிந்தது. பிறகு, “அடுத்த காலைக் காட்டு,” என்றார்.

அவள் சிரித்துக்கொண்டே போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்தாள். உள்ளங்கையில் ரெக்கார்டர். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“அடிப்பாவி! கேட்டுட்டுத்தானே போடணும்? உன் காலேஜ் பிள்ளைங்களுக்கு நீ நடத்தற முதல் பாடமே அதுதானே?”

“தப்புதான். அந்தப் பாடத்துல நான் ஃபெயில். அதான் இப்பக் கேக்கறேன். பதினாறு பேர்கிட்டப் பேட்டி எடுத்தாச்சு, நீங்க பதினேழு. தலைமாட்டுல சம்மதப் படிவம் இருக்கு, கையெழுத்துப் போடுங்க.”

“நான் ஒண்ணுமே சொல்லலையே. எதுக்குக் கையெழுத்து?”

“அந்த ஒண்ணுமே சொல்லாததுக்குத்தான்.”

“யோசிச்சுச் சொல்றேன்.”

“சொல்லுங்க. எனக்கென்ன அவசரம்?” என்றாள். இந்த வாரத்தைத் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போய் நான்கு நாள் ஆகியிருந்தது. இருவருக்கும் அது தெரியும்.

முப்பது வருஷமாக அவள் இப்படித்தான். காலையில் கல்லூரியில் நாடகம் சொல்லிக்கொடுப்பாள். மத்தியானம் கேள்வித்தாளும் கையுமாகத் தெருத்தெருவாகப் போவாள். சாயங்காலம் வந்து எழுத உட்காருவாள். “ஒரே நேரத்துல மூணு பஸ்ல ஏறப் பாக்கறாடா உன் பொண்டாட்டி,” என்று அவருடைய அக்கா பலமுறை சொல்லியிருக்கிறாள். அவளோ மூன்றும் ஒரே பஸ்தான் என்று சாதிப்பாள்.

சலவைத் தொழிலாளர்களின் கைப்புண்ணைப் பற்றி ஒரு வருஷம் விசாரித்து அறிக்கை எழுதினாள். அதையே நாடகமாக்கி, மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போய்ச் சலவைக்கூட வாசலிலேயே போட்டாள். பாதி நாடகத்தில் ஒரு அம்மாள் எழுந்து நின்று, “நிறுத்தும்மா. அன்னைக்கு நான் அழல. சிரிச்சேன்,” என்றார். நாடகத்தை அங்கேயே மாற்றினாள். வீட்டுக்கு வந்து அறிக்கையில் ஒரு பக்கத்தை முழுக்க அடித்துத் திருப்பி எழுதினாள். அதிலிருந்து, யாரைப் பேட்டி எடுக்கிறாளோ அவர்களைத்தான் முதலில் உட்காரவைத்து நடித்துக் காட்டுவாள். வேண்டாம் என்று அவர்கள் சொன்ன வரி அதோடு போய்விடும். அதற்குச் சரிபார்ப்பு என்று பெயர்.

இதில் அவருக்கும் ஒரு வேலை இருந்தது. “பேசினதை எழுத ஆயிரம் பேர் இருக்காங்க. பேசாம இருந்ததை யார் எழுதறது?” என்று கல்யாணமான புதிதில் கேட்டாள். அவர் தன் ஸ்டாப் வாட்சை எடுத்துக் கொடுத்தார். கொடுத்தவரையே அளக்கச் சொல்லிவிட்டாள். பேட்டியில் ஒருவர் பதில் சொல்லத் தயங்கினால், எத்தனை நொடி என்று ஒலிப்பதிவைக் கேட்டு அவர் குறிப்பார். மேடையில் நடிகர்கள் அத்தனை நொடி வாயைத் திறக்கக் கூடாது. ஊரில் பாதிப் பேருடைய தயக்கம் அவருடைய கையெழுத்தில் இருந்தது.

அன்று மத்தியானம் தலையணையை உயர்த்தி வைக்கச் சொன்னாள். சுவரைப் பார்த்தாள்.

“ஏங்க, இந்தக் கடிகாரம் ரெண்டு நிமிஷம் முந்துது. கடிகாரக்காரர் வீட்டுல!”

அவர் ஸ்டூல் போட்டு ஏறி, கடிகாரத்தைக் கழற்றி, முள்ளைத் திருப்பி, பழையபடி மாட்டினார். “இப்ப சரியாப் போச்சு,” என்று சொல்லிக்கொண்டே இறங்கினார். கிண்டலாக ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. மணி இரண்டு பதினாலு.

மறுநாள் காலையில் தகனம் எல்லாம் முடிந்தது. மத்தியானம் மாணவர்கள் இருவர் வந்தார்கள். ஒருவன் ஆறடி உயரம். அவனுக்கு அவள் வைத்த பெயர் ஏணி. இன்னொருத்தி எப்போதும் படபடவென்று பேசுகிற பட்டாசு. அன்று அவளும் வெடிக்கவில்லை.

“சார், நாளைக்குச் சாயங்காலம் சரிபார்ப்பு,” என்றான் ஏணி. “பதினாறு பேருக்கும் சொல்லியாச்சு. வீட்டுல நோயாளியைப் பாத்துக்கறவங்க எல்லாரும். மாத்து ஆள் ஏற்பாடு பண்ணிட்டு வராங்க. தள்ளி வைக்கணும்னா இப்பவே சொல்லிடறோம்.”

“தள்ளி வைக்க வேணாம்.”

“கடைசிக் காட்சி...” என்று அவன் இழுத்தான். பிரதியின் கடைசிப் பக்கத்தை நீட்டினான். அவளுடைய கோணல் எழுத்து, நேற்றுக் காலையில் எழுதிக் கொடுத்தனுப்பியது. கேள்வி. அதன் கீழே: *பதினேழாம் நபர். மௌனம், ___ நொடி. பிறகு, ‘அடுத்த காலைக் காட்டு.’*

“நீங்க கையெழுத்துப் போட்டாத்தான் நாங்க அந்தப் பதிவைக் கேக்கலாம் சார். இல்லேன்னா காட்சியை எடுத்துடணும். டீச்சரோட சட்டம்.”

உள்ளேயிருந்து அக்கா வந்தாள். “டேய் தம்பி, நேத்துப் போனவளை நாளைக்கு மேடையில ஏத்துவீங்களா? வீட்டுக்குள்ள நடந்தது வீட்டோட இருக்கட்டும்டா.”

“அவளை இல்லக்கா. என்னைத்தான் ஏத்தப் பாக்கறாங்க.”

“அது இன்னும் மோசம். சட்டை போடக்கூடத் தெரியாது உனக்கு.”

பட்டாசு சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அக்காவுக்கும் சிரிப்பு வந்தது. அதோடு கண்ணும் நிறைந்தது.

“நாளைக்குச் சொல்றேன்,” என்றார் அவர். எத்தனையோ பேர் தடுமாறி நின்றதை முப்பது வருஷமாக அளந்தாயிற்று. தன்னுடையதை ஒரு எண்ணாக ஊர் பார்க்கப்போகிறது என்றதும் சட்டையைக் கழற்றச் சொன்ன மாதிரி கூசியது.

மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, காலையில் எழுந்தார். முகம்கூடக் கழுவாமல் வேலை மேஜைக்குப் போய், ஸ்டாப் வாட்சுக்குச் சாவி கொடுத்தார். பாதியில்தான் உறைத்தது, அவள் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில் என்று. மீதிச் சாவியையும் கொடுத்தார்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டார். ஐந்தாறு நொடி இருக்கும் என்று நினைத்திருந்தார். அவள் குரல், கேள்வி, சைக்கிள் ஸ்டாண்ட், தண்ணீர் வழிகிற சத்தம். அது எல்லாவற்றுக்கும் அருகில், ரெக்கார்டரைப் பிடித்திருந்தவளின் மூச்சு. ஒரே சீராக, அவசரமில்லாமல். அவர் வாட்சை நிறுத்த மறந்துவிட்டார்.

இரண்டாம் முறையும் மறந்தார். மூன்றாம் முறை சரியாக அழுத்தினார். முப்பத்தெட்டு.

பிரதியில் கோட்டின் மேல் எண்ணை எழுதினார். படிவத்தில் கையெழுத்துப் போட்டார். ‘நீக்க வேண்டிய வரிகள்’ என்ற இடத்தில், ஒன்றுமில்லை என்று எழுதினார்.

சாயங்காலம் கல்லூரி ஒத்திகை அறையில் பதினாறு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அவர் போனதும் பட்டாசு ஓடிப்போய்ப் பதினேழாவதைக் கொண்டுவந்தாள். அக்கா கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரோரம் நின்றுகொண்டாள். ஒரு பெரியவர் தன் வரி ஒன்றை எடுக்கச் சொன்னார், எடுத்தார்கள். ஒரு பெண் தன் வரியை இன்னும் சத்தமாகச் சொல்லச் சொன்னாள், சொன்னார்கள்.

கடைசிக் காட்சி வந்தது. பட்டாசு கட்டிலில் சாய்ந்து காலை நீட்டியிருந்தாள். ஏணி முதுகை வளைத்து, நகவெட்டியோடு உட்கார்ந்திருந்தான். சட்டையில் ஒரு பித்தானை மாற்றிப் போட்டிருந்தான். பின்னாலிருந்து அக்காவின் செருமல் கேட்டது.

கேள்வி வந்தது. அவர் மடியில் வாட்சை அழுத்தினார்.

பத்து நொடி. பதினைந்து. யாரோ நாற்காலியில் அசைந்தார்கள். இருபது. ஏணியின் கண் தவிப்போடு அவர் பக்கம் வந்தது. அவர் லேசாகத் தலையை அசைத்தார், இல்லை என்று.

பக்கத்து நாற்காலி அம்மாள் அவர் காதருகே குனிந்தாள். “என்னங்க, பையன் மறந்துட்டானா?”

“இல்லம்மா. இன்னும் இருக்கு.”

முள் ஓடிக்கொண்டிருந்தது. பட்டாசு நீட்டிய காலை மடக்காமல் காத்திருந்தாள்.