நாற்பத்தைந்தா, முப்பத்துமூன்றா

ரெகார்ட் பிளேயரின் பிளக்கை ஜனீன் சுவரில் செருகப் போனபோது தகன நிலையத்து ஊழியர் டக்ளஸ் குறுக்கே கை நீட்டினார். மின் பாதுகாப்பு சோதித்ததற்கான பச்சை ஸ்டிக்கர் இல்லாத எதையும் இந்தக் கட்டடத்தில் செருகக் கூடாதாம். பாட்டுதான் வேண்டுமென்றால் கணினியிலேயே இருக்கிறதாம்.

“அதுல இருக்கறது தப்பான வேகம்,” என்றாள் ஜனீன்.

பதினொன்று இருபதுக்கு, இறந்துபோன அவள் அப்பா ராயைத் தகனம் செய்யும் முறை. அரை மணி நேரம்தான். அதற்குள் முடிக்காவிட்டால் அடுத்த சவ வண்டி வாசலில் வந்து நிற்கும்.

ராய் ஹெய்க், டின் கேன்டீன் என்ற இசைக்குழுவின் டிரம்மர். 1981-இல் இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸில் ஒரு கம்பளக் கடையின் மாடியில், கோட்டைக் கழற்ற முடியாத குளிரில், நாலு பேரும் தங்கள் முதல் இசைத்தட்டைப் பதிவு செய்தார்கள். நிமிடத்துக்கு முப்பத்துமூன்று சுற்றில் ஓட வேண்டிய தட்டு. லேபிளில் நாற்பத்தைந்து என்று அச்சாகிவிட்டது. நடன விடுதிகளில் அதை நம்பி வேகமாக ஓட்டினார்கள். கனமாக நடக்க வேண்டிய பாட்டு துள்ளிக் குதித்தது. மான்செஸ்டர் ஆடியது, அப்புறம் நியூயார்க் ஆடியது. அந்த டிரம்மைக் காப்பியடித்தே எத்தனையோ குழுக்கள் பிழைத்தன. ராயை மனித எந்திரம் என்று பத்திரிகைகள் கொண்டாடின. மேடையில் அந்த வேகத்தை எட்டிப் பிடிக்க அடித்து அடித்தே அவர் மணிக்கட்டு போயிற்று. பாராட்ட வருகிறவர்களிடமெல்லாம், அது நான் இல்ல, என்பார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கடைசி நாள் ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் ஆசையாகத் தன் ஃபோனில் அந்தப் பாட்டைப் போட்டாள். ராய்க்கு அப்போது பேச்சு நின்றுபோயிருந்தது. ஒற்றை விரலால் கட்டில் கம்பியில் தட்டினார், பாட்டோடு சேராமல், நிதானமாக. நினைவு தப்புகிறது என்று நர்ஸ் நினைத்துக்கொண்டாள். அதுதான் பாட்டின் சரியான வேகம் என்று ஜனீனுக்கு விளங்கிற்று. அங்கேயே முடிவு செய்துவிட்டாள்.

குழுவின் பாடகர் நெவில், மண்டபத்தை ஒட்டிய ஒலிக்கருவி அறைக்குள் எட்டிப் பார்த்தார்.

“வேணாம் கண்ணு. பெல்ஜியத்துலேர்ந்தெல்லாம் ரசிகருங்க வந்திருக்காங்க. அவங்களுக்குத் தெரிஞ்ச ராய் வேற. மெதுவா ஓட்டினா என் குரலும் மாடு கத்தற மாதிரிதான் இருக்கும்.”

அந்த வேகக் குரலுக்காக நாற்பது வருஷம் மேடையில் தொண்டையை இறுக்கிப் பாடியவர் அவர். அதுதான் அவருக்குச் சோறு போட்டது.

“அச்சடிச்சவன் பண்ணின தப்புக்கு அப்பா இன்னிக்கும் ஓடணுமா நெவ்?”

நெவில் தன் ஷூவைப் பார்த்தார். “அச்சடிச்சவன் இல்ல. தட்டு அச்சடிக்க அனுப்பின ஃபாரத்தை நிரப்பினது உங்கப்பாதான். பஸ்ஸுல, என் முதுகுல பேப்பரை வச்சு எழுதினான். முப்பத்துமூணு போட வேண்டிய இடத்துல நாப்பத்தஞ்சு போட்டுட்டான். யார்கிட்டயும் சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிட்டான்.”

ஜனீன் பிளக்கைப் பிடித்தபடியே நின்றாள். முகம் தெரியாத ஓர் அச்சுக்காரனை ஆயுசு முழுக்கத் திட்டித் தீர்த்த மனிதர். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

“அப்ப திருத்த வேண்டியதும் எங்க வீட்டு வேலைதான்,” என்றாள்.

சவப்பெட்டி வந்துவிட்டதா என்று பார்க்க டக்ளஸ் வெளியே போனார். ஜனீன் மேசைமேலிருந்த கெட்டிலின் பச்சை ஸ்டிக்கரை நகத்தால் உரித்து ரெகார்ட் பிளேயரில் ஒட்டினாள். திரும்பி வந்தவர் குனிந்து அதைப் பார்த்தார். கெட்டிலையும் பார்த்தார்.

“சரி, சோதிச்சிருக்கு,” என்றார்.

பேச்சுகள் முடிந்ததும் அவள் குமிழை முப்பத்துமூன்றுக்குத் திருப்பி முள்ளை இறக்கினாள். கண்ணாடிக்கு அப்பால் மண்டபத்தில் தலைகள் திரும்பின. ஒரு பெல்ஜியக்காரர் நெற்றியைச் சுருக்கினார். டிரம் அவசரமில்லாமல் வந்தது, ஒவ்வொரு அடியும் ஊன்றி, வேலை முடிந்த ஆள் மேடேறி வீட்டுக்கு வருவதுபோல. அப்பா இப்படித்தான் மாடிப்படி ஏறுவார். ஜனீனுக்குக் கண் நிறைந்தது. முதல் வரிசையில் நெவில் முதலில் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, இத்தனை வருஷத்துக்கப்புறம், தன் சொந்த அடிக்குரலில் கூடவே பாட ஆரம்பித்தார்.

பாட்டு நீண்டுகொண்டே போயிற்று. வெளியே அடுத்த வண்டி வந்து நின்றது. டக்ளஸ் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, சவப்பெட்டியை மறைக்கும் திரையை மூடும் பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோனார். அழுத்தவில்லை. பொத்தானை ஒட்டியிருந்த பலகையில் அவர் விரல் தட்டிக்கொண்டிருந்தது, நிதானமாக.