மடிக்கிற மெத்தை

...சாப்பாட்டுப் பெட்டி வேண்டாம், அதைப் போன வருடத்துப் பிள்ளைகளே செய்து முடித்துவிட்டார்கள், மெழுகுதிரி வேண்டாம், ஊதுபத்தி ஐயோ வேண்டவே வேண்டாம், பிறகு என்ன கோதாரிதான் வேண்டும் உனக்கு என்று என்னையே திட்டிக்கொண்டு வெள்ளவத்தையில் பஸ் ஏறினால், தெஹிவளையிலிருந்தே எனக்கு இடம் பிடித்துக்கொண்டு வந்த ஷபீகா தன் பையை எடுத்து மடியில் வைத்தபடி, "முடிவெடுத்த தானே?" என்கிறாள். முடிவாம். கொட்டாஞ்சேனை வகுப்புக்குப் போய்ச் சேர்வதற்குள் நாங்கள் இரண்டு பேரும் ஒரு புதுப் பொருளின் பெயரைச் சொல்ல வேண்டும், கொழும்பில் யாராவது காசு கொடுத்து வாங்கக்கூடிய பொருள், அதை யார் வாங்குவார்கள் என்பதற்கு ஆதாரமும் வேண்டும், இல்லாவிட்டால் இந்த டிப்ளோமாவில் இந்த வருடம் எங்களுக்குப் புரொஜெக்ட் கிடையாது என்று ஒஸ்வால்ட் சேர் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். அவருக்கென்ன, சிரிப்பார். என் தலைக்குள் எல்லாம் ஒன்றோடொன்று சிக்குப்பட்டுக் கிடக்கிறது, எதை இழுத்தாலும் வேறொன்று கூட வருகிறது.

யோசனை இல்லாமலில்லை, அதுதான் வில்லங்கமே. இதோ என் மடியில், துணிப்பைக்குள், ஒரு குஷனாகக் குந்தியிருக்கிறது. சிப்பை இழுத்தால் உள்ளேயிருந்து ஒரு ஆள் படுக்கிற மெல்லிய மெத்தை விரியும், மடித்துப் பூட்டினால் செற்றியில் போடுகிற குஷன், யாருக்கும் எதுவும் தெரியாது. என்னுடைய யோசனையா? எங்கே... அண்ணாவுடையது. கொழும்பில் தங்க அவனுக்கு வவுனியாவில் கொடுத்த பாஸ் முடிந்து எவ்வளவோ காலம், இனிப் பொலிசில் பதிய வழியில்லை, பதியாமல் இங்கே தங்கவும் கூடாது, கீழ்வீட்டு ஹியூபேட் அங்கிள் எங்களுக்கு வீடு தந்ததே மூன்று பேருக்கென்று, பொலிஸ் பதிவிலும் மூன்று பேர்தான், அப்பா, அம்மா, நான். நாலாவது ஆள் பகலில் இருமுவதென்றாலும் தலையணைக்குள்தான் இருமுவான். விடிய முன்னம் அவனுடைய மெத்தை மறைந்துவிட வேண்டும், அதை அலுமாரிக்குப் பின்னால் தள்ள, அது சரிந்து விழ, அம்மா நெஞ்சைப் பிடிக்க... ஒருநாள் அண்ணா என்னுடைய ஊசியை வாங்கிக்கொண்டு குந்தினான். பொத்தான் தைக்கத் தெரியாதவன், விரலெல்லாம் குத்திக்கொண்டு, இந்தக் குஷனைத் தைத்து முடித்தான். "வெள்ளவத்தை முழுக்க விக்கும் பார், உன்ர சேருக்குக் காட்டடி" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். எத்தனை மாதத்துக்குப் பிறகு சிரித்தான்! எனக்கு அழுகைதான் வந்தது. இன்று வெளிக்கிடும்போதும் அறை வாசலில் நின்று, "சேர் என்ன சொன்னவர் எண்டு வந்து சொல்லு, என்ன?" என்றான், பரீட்சை எழுதியது அவன் மாதிரி.

ஓம், விற்கும். அவன் சொன்னது பிழையே இல்லை. எங்கள் பிளாற்ஸில் எந்த வாசலிலும் குவிந்து கிடக்கிற செருப்பைப் பார்த்தாலே தெரியும், ஊரிலிருந்து வந்தவர்கள், வெளிநாட்டுக்குப் போகக் காத்திருப்பவர்கள், மச்சான், மருமகன், ஒவ்வொரு வீடும் பிதுங்குகிறது. நானும் பெரிய கெட்டிக்காரி போலப் போய் மேல்மாடி நேசம் அன்ரியின் கதவைத் தட்டினேன். மீன் குழம்பு வைத்தால் எங்களுக்கும் ஒரு கோப்பை கொடுத்துவிடுகிற அன்ரி. உங்கள் வீட்டில் எத்தனை பேர், விருந்தாட்கள் வந்து தங்குவார்களா, எவ்வளவு நாள் தங்குவார்கள், எங்கே படுப்பார்கள்... அன்ரியின் முகம் அப்படியே பூட்டிக்கொண்டது. உள்ளே ரேடியோவின் சத்தம் குறைந்தது. "நாங்கள் ரெண்டு பேர்தான் பிள்ளை, ஒருத்தரும் வாறேல்லை" என்றவர் உள்ளே போய்ப் பொலிஸ் பதிவுத் துண்டைக் கொண்டுவந்து என் முகத்துக்கு நேரே நீட்டினார்! அன்ரி, நான் மெத்தையைப் பற்றியல்லவா கேட்டேன்? அடுத்த வீடும் இரண்டு பேர், அதற்கடுத்த வீடு மூன்று பேர், எல்லோரும் நிரந்தரம், எல்லோரும் பதிவு. வீட்டுக்கு வந்து சொன்னால் அம்மா தலையில் கைவைத்தாள். "விசரி, பொலிஸ் கேக்கிறதைத்தானேயடி நீயும் கேட்டிருக்கிறாய்." பிறகு மீன் குழம்பு வரவேயில்லை.

"ஒங்கட சர்வேயப் பாத்தா ஒத்தருக்கும் மெத்த தேவல்ல, விட்டுப் போடுங்க," என்கிறாள் ஷபீகா. அவளுக்கு நான் எப்படிச் சொல்வது? எல்லோருக்கும் தேவை, ஆனால் தேவையென்று ஒருவராலும் சொல்ல முடியாது, கடையில் இதை வாங்குகிறவர் என் வீட்டில் ஒரு ஆள் கூட என்று ஊருக்கே சொல்லிக்கொண்டல்லவா வாங்க வேண்டும்... அப்படியென்றால் இது நல்ல பொருளா, கூடாத பொருளா? இந்த மாதிரிச் சந்தைக்கு சேரின் புத்தகத்தில் ஒரு பெயர் இருக்கிறதா?

பஸ் நிற்கிறது. செக்கிங். எல்லோரும் இறங்கி வரிசையில். என் அடையாள அட்டையைப் பார்த்த பொம்பிளைப் பொலிஸ், துணிப்பையை அமத்திப் பார்க்கிறாள், "மே மொகத?" இது என்ன என்கிறாள். கடவுளே, இதை ஏன் கொண்டுவந்தேன், அம்மா படித்துப் படித்துச் சொன்னாளே... மெத்தை, "மெட்டயக்" என்று என் குரல் எங்கேயோ கேட்கிறது. சிப்பை ஒரே இழுவை. காலி வீதியில், நடுப் பகலில், அண்ணாவின் மெத்தை விரிந்து தொங்குகிறது. இதில் யார் படுக்கிறது என்று கேட்கிறாள், "மேக்கெ நிதாகன்னெ கவ்த?" ஒருவருமில்லை, "கவுருத் நே" என்கிறேன். வீட்டில் எத்தனை பேர்? "துன்தெனாய்." மூன்று பேர். காட்டிய மூன்று விரலையும் மடக்க மறந்து நிற்கிறேன். ஷபீகா முன்னால் வந்து அழகான சிங்களத்தில் வகுப்பு, புரொஜெக்ட், குஷன் என்று பொரிந்து தள்ளுகிறாள். பொலிஸ்காரி மெத்தையை மடித்துப் பார்க்கிறாள், விரித்துப் பார்க்கிறாள், மறுபடி மடிக்கிறாள். பிறகு சிரிக்கிறாள். தாங்கள் தங்குகிற இடத்தில் கால் வைக்கவும் இடமில்லையாம், எல்லாப் பெண்களுக்கும் இது உதவுமாம், "கொஹென்த கன்னெ, நங்கி?" எங்கே வாங்கலாம் தங்கச்சி என்று மெய்யாகவே கேட்கிறாள்.

பஸ் வெளிக்கிட்டதும் ஷபீகாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "கஸ்டமர் கெடச்சிட்டாங்க! பொலிஸ், ஆமிக் கேம்ப், ஹொஸ்டல், சேர் வாய்தொறக்க ஏலா!" ஓம், பாஸாகிவிடுவோம். அண்ணா, உன் மெத்தையை வாங்க ஆள் கிடைத்துவிட்டது, யாரென்று மட்டும் கேட்காதே... சந்தோஷப்பட வேண்டுமா நான்? குஷன் சரியாகப் பூட்டுப்படவில்லை, பஞ்சு கொஞ்சம் வெளியே எட்டிப் பார்க்க, விரலால் உள்ளே தள்ளிக்கொண்டிருக்கிறேன். ஷபீகா சட்டென்று திரும்பி, "சேர் இதக் கேப்பாரு, எப்பிடி இந்த யோசன வந்த? ஒங்கட ஊட்டுல எத்தின பேர் ஈக்கிற?" என்கிறாள்.

"மூன்று," என்றேன்.

"அப்ப ஒங்களுக்கே தேவப்படாத சாமான். எங்கேந்து வந்த?"

"சும்மா வந்தது."

அவள் சரியென்று தலையை ஆட்டிவிட்டு வெளியே பார்க்கத் தொடங்கினாள். ஷபீகா, என் சிநேகிதி, எனக்காக அந்தப் பொலிஸ்காரிக்கு முன்னால் வந்து நின்றவள், இவளிடம் சொன்னால் என்ன வந்துவிடும், இப்போதும் சொல்லலாம், இல்லையடி, நாங்கள் நாலு பேர் என்று... பொலிஸ்காரிக்குச் சொன்னபோது விரல் விறைத்து நின்றது, அது பொய்யென்று உடம்புக்குத் தெரிந்திருந்தது. இவளுக்குச் சொன்னபோது ஒன்றுமே செய்யவில்லையே? கேட்டதும் வந்தது, மூச்சு வருகிற மாதிரி. பொய்தானா என்று பார்க்க மனதுக்குள் ஒருதரம் எண்ணிப் பார்த்தேன், அப்பா, அம்மா, நான்... கணக்குச் சரியாகத்தான் வந்தது.