பனி டயர்தான் என்று மூன்று சீட்டு

வட ஜப்பானில் எங்கள் சுகாரு பக்கத்தில் நவம்பர் வந்தால் எல்லா வண்டியும் முனகும். பனி விழுமுன்பே பனி டயரை மாட்டிவிடுவோம். அந்த மெத்தென்ற ரப்பர் வெறும் தார்ச்சாலையில் 'ஊ' என்று ஊளையிடும். ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொண்டு ஓட்டிவிடுவது எங்கள் பழக்கம். அந்தப் பழக்கம்தான் எங்கள் உயிருக்கு உலை வைக்கப் பார்த்தது, கண்ணுகளா.

எங்கள் என்றால், முதியோர் பகல் இல்லத்துக்குத் தினமும் ஒரே வேனில் போய்வரும் ஏழு பேர். ஓட்டுபவள் மிகாமி யுகாரி. டயர் மாற்றிய அதே வாரம் வேனில் ஒரு ஊளை கிளம்பியது. வேகம் கூடினால் அதுவும் கூடியது.

"இது டயர் இல்ல. சக்கரத்துக்குள்ள என்னமோ தேயுது," என்றாள் யுகாரி.

பட்டறைக்காரர் கசாய் வேனை வாங்கிப் பார்த்தார். கழுவித் துடைத்து, குனிந்து வணங்கித் திருப்பிக் கொடுத்தார். கூடவே ஒரு சீட்டு: 'பழுதில்லை. பனி டயர் சத்தம்.' இரண்டாம் முறையும் அதே சீட்டு. மூன்றாம் முறை வண்டியைத் தூக்கிக்கூடப் பார்க்காமலே சீட்டை நீட்டினார்.

"ஏம்மா, நாப்பது வண்டி டயர் மாத்தக் காத்துக் கெடக்கு. ஒன் காதுக்கு நான் எங்க வைத்தியம் பாக்கறது?"

அவள் முகம் கன்றிப்போனது. இல்லத்துத் தலைவர் ஒசானாய் மூன்று சீட்டையும் மேசையில் வரிசையாக வைத்துத் தட்டினார்.

"கசாய் என் கூடப் படிச்சவன். முப்பது வருசமா பட்டறை வச்சிருக்கான். இன்னொரு தரம் இந்தப் பேச்ச எடுத்தா நான் வேற டிரைவரப் பாத்துக்கறேன்."

எங்கள் பாதையோ ஆப்பிள் தோட்டங்களைத் தாண்டி மலைச்சரிவில் ஏழு வளைவு இறங்க வேண்டியது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஆறு. அன்று மாலை யுகாரி ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த பிடியில் விரல் மூட்டெல்லாம் வெளுத்திருந்தது.

மறுநாள் முதல் பனி. கணுக்கால் அளவு விழுந்து, சாலை பஞ்சு மெத்தையாகக் கிடந்தது. முதலில் என்னையும், அடுத்து நருமித் தாத்தாவையும் ஏற்றிக்கொண்டாள். தாத்தாவுக்குக் காது அறவே மந்தம். கைத்தடியைத் தரையில் ஊன்றி உட்கார்ந்திருந்தார்.

பெரிய சாலையில் ஏறியதும் முன்னே போன வண்டிகள் எல்லாம் பனி மேல் சத்தமில்லாமல் பூனை மாதிரி போயின. எங்கள் வேன் மட்டும் ஊளையிட்டது.

யுகாரி பட்டென்று ரேடியோவை அணைத்தாள். "கேக்குதா?"

"எனக்கே தடி வழியா கேக்குது," என்றார் தாத்தா. "அந்தக் கசாய் என்னவிடச் செவிடன்!"

அவள் அதற்குமேல் இல்லத்துப் பக்கம் போகவில்லை. நத்தையாய் ஊர்ந்து நேரே பட்டறைக்குள் விட்டாள். எங்களை இறக்கி மண்ணெண்ணெய் அடுப்பருகே உட்கார வைத்தாள். வெளியே கடைசி நேரத்தில் டயர் மாற்ற வந்தவர்கள் வரிசையாக நின்றார்கள்.

"ஏறுங்க," என்றாள் கசாயிடம்.

"வரிசைல வாம்மா."

"ஏறப்போறீங்களா, இல்ல வேன இங்கயே வழிய மறிச்சு விட்டுட்டு சாவிய இந்தப் பனில வீசட்டுமா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் கசாய் ஏறினார். முன்னாலிருந்த சாலையில் போய்வரப் பத்து நிமிடம். நடந்ததைப் பிறகு அவளே சொன்னாள்.

"பனி மேல டயர் பாடுமா, கசாய் சார்? இப்ப எது பாடுது?"

இடது வளைவில் திருப்பினாள். பாரம் வலப்பக்கம் சாய்ந்ததும் ஊளை உறுமலானது. வலது வளைவில் திருப்பினாள், தணிந்தது.

"எந்தப் பக்கம்னு நான் சொல்லணுமா, நீங்க சொல்றீங்களா?"

"வலது... முன்னாடி," என்றாராம், முன்கண்ணாடி வழியே சாலையைப் பார்த்துக்கொண்டு.

திரும்பி வந்து வேனைத் தூக்கினார்கள். வலது முன்சக்கரத்தின் ஸ்பிரிங்கில் உள்ளங்கையை வைத்து, மறுகையால் சக்கரத்தைச் சுற்றிவிட்டார் கசாய். மணலை அரைப்பது போலக் கரகரவென்று ஓடியது. மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினார், டக், டக். சக்கரத்தைத் தாங்குகிற பேரிங் தளர்ந்தே போயிருந்தது; இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தால் சக்கரமே கழன்றிருக்கும்.

பிறகு தொப்பியைக் கழற்றி, இடுப்பு மடிய யுகாரியை வணங்கினார்.

அவள் நகர்ந்துகொண்டாள். "எனக்கு எதுக்கு? காது சரியில்லாதவ நான். அந்த வளைவுல தினமும் எறங்குனவங்க அடுப்புப் பக்கம் உக்காந்திருக்காங்க. அங்க போய் சொல்லுங்க. நாலாவது சீட்டயும் இப்பவே எழுதுங்க, ஒங்க கையால. ஒசானாய் சார் மேசைல நான் வைக்கறேன்."

எழுதினார். 'பழுது. வலது முன்சக்கரப் பேரிங்.' எழுத்து கோணிற்று. எங்கள் முன் வந்து நின்று, தரையைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார்.

நருமித் தாத்தா தடியைத் தட்டினார். "என்ன சொல்றான்? ஒண்ணும் கேக்கல."

"தப்பு... என்னோடது."

"கேக்கலயே!"

"தப்பு என்னோடது!" என்று கத்தினார் கசாய். பட்டறை முழுக்க ஸ்பேனர்கள் நின்றன; வாசல் வரிசையும் எட்டிப் பார்த்தது.

யுகாரி சிரிக்கவில்லை. சீட்டை நான்காய் மடித்துப் பையில் வைத்தாள்.

"வேற வண்டி குடுங்க. இன்னும் அஞ்சு பேர் வாசல்ல நின்னுட்டிருப்பாங்க."