இருபத்து மூன்று கிலோ

குளிர்நாட்டுக்காரர்கள் போடும் கோட்டுகளை இருபத்தாறு வருஷம் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தவள் நான். ஏற்றுமதி ஆலையில் செக்கிங் வேலை. தையல் பிசகியிருந்தாலும், ஜிப் கடித்தாலும், உள்ளே வைத்த பஞ்சு ஒரு பக்கமாகக் குவிந்திருந்தாலும் என் கையைத் தாண்டிப் போகாது. வெளிநாட்டுக்கு என்ன துணி எடுத்துப் போகலாம் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆனாலும் எடுத்தார்கள்.

தம்பி குடும்பத்தோடு வெளிநாட்டில் இருக்கிறான். அவன் மகள் எட்டு வயது வரை என் வீட்டில் வளர்ந்தவள். நான் அவளைக் குட்டி என்றுதான் கூப்பிடுவேன். இந்த வருஷம் அவளுக்குப் பட்டமளிப்பு. ஒரு மாணவிக்கு மூன்று பேர்தான் கூட வரலாமாம்.

"அப்பா, அம்மா, நீங்க. நீங்க வரலன்னா நான் மேடை ஏற மாட்டேன் அத்தை" என்றாள் போனில்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்க, அங்கே குளிர் எப்படி என்று கேட்டேன். போய் இறங்கும்போது கடும் குளிர், பட்டமளிப்பு சமயத்தில் மழையும் காற்றும், திரும்பும்போது நல்ல வெயில் என்றாள். ஐந்து மாதத்துக்குள் மூன்று பருவம்.

உட்கார்ந்து யோசித்து எடுத்து வைத்தேன். உடம்போடு ஒட்டும் உள்ளாடை இரண்டு செட். நடுவில் போடக் கம்பளி ஸ்வெட்டர். மேலே காற்று புகாத கோட்டு. அது எங்கள் ஆலையில் கலர் லேசாக மாறிப்போய் ரிஜெக்ட் ஆனது; ஸ்டாஃப் விற்பனையில் வாங்கி மூன்று வருஷமாக ஒருநாள்கூடப் போடாமல் வைத்திருந்தேன். வெயிலுக்கு நாலு பருத்தி. விழாவுக்குப் பச்சைப் பட்டுப்புடவை. அதற்கு முழங்கை தாண்டிய ரவிக்கை நானே தைத்தேன். குளிருக்காக உள்ளே மெல்லிய ஃபிளானல் துணி வைத்து, வெளியே தெரியாமல். நானே செக்கிங் செய்து, நானே பாஸ் போட்டேன்.

பெட்டியைக் கொக்கித் தராசில் மாட்டினால் பத்தொன்பது கிலோ. இருபத்து மூன்று வரை அனுமதி.

மீதி நாலு கிலோவைத் தம்பி பெண்டாட்டி மோப்பம் பிடித்துவிட்டாள்.

"அண்ணி, தையக்காரர்கிட்ட என் பட்டுப்புடவையும் ரவிக்கையும் இருக்கு. பட்டமளிப்புக்கு அதான் கட்டணும். வாங்கிட்டு வந்துடுங்க."

வாங்கினேன். அடுத்த நாள் பிரஷர் குக்கர். அதற்கடுத்த நாள் தம்பியின் முட்டிவலி எண்ணெய் மூன்று பாட்டில். பிறகு மிக்ஸி ஜார். எடை இருபத்தேழைத் தொட்டது.

"கோட்டு எதுக்கு அண்ணி சுமக்கறீங்க? இங்க வீடு பூரா கோட்டுதான் தொங்குது. அவரு ஏர்போர்ட்டுக்கே எடுத்துட்டு வருவாரு."

கோட்டை எடுத்தேன். ஸ்வெட்டரும் போனது. அப்புறமும் ஒன்றரை கிலோ கூடுதல்.

"பட்டுப்புடவையும் வேணாமே. என்கிட்ட பீரோ நிறைய இருக்கு, ஒண்ணு கட்டிக்கிட்டாப் போச்சு."

பட்டுப்புடவையையும் ஃபிளானல் வைத்த ரவிக்கையையும் வெளியே எடுத்தேன். பிறகு அலமாரியில் வைத்துப் பூட்டினேன். மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் இல்லையா? இருந்தது. நான் தூக்கி வளர்த்த தம்பிக்குப் பிடிக்காமல் போய்விடுமோ என்று பயந்தேன். வளர்த்த கைக்கு வரும் புத்திகெட்ட பயம் அது.

ஏர்போர்ட்டுக்குத் தம்பி கோட்டில்லாமல் வந்தான். "ஐயோ, மறந்தே போயிட்டேன்க்கா. கார் பக்கத்துலதான் நிக்குது" என்றான். பக்கம் என்பது பத்து நிமிஷ நடை. பருத்திப் புடவையில் நடந்தேன். பல் கிடுகிடுத்ததில் அவன் கேட்ட கேள்விக்குப் பதில்கூடச் சொல்ல முடியவில்லை. வீட்டில் கோட்டுகள் தொங்கியது உண்மைதான். எனக்கு வந்தது குட்டி பள்ளிக்கூடத்தில் போட்டது. கை மணிக்கட்டுக்கு மேலே நின்றது, ஜிப் பாதியில் நின்றது. என் மேஜைக்கு வந்திருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தூக்கிப் போட்டிருப்பேன்.

விழாவுக்கு முந்தின நாள் தம்பி பெண்டாட்டி ரவிக்கையைப் போட்டுப் பார்த்தாள். கொக்கி சேரவில்லை.

"அண்ணி, கொஞ்சம் பிரிச்சு விடுங்களேன். உங்க கைக்கு அரை மணி நேர வேலை."

இரண்டு பக்கமும் அரை அரை அங்குலம் பிரித்துத் தைத்தேன். ஒரு பக்கம் நூலைத் தளர்வாக ஓட்டினால் மண்டபத்தில் பட்டென்று விடும். தோன்றியது, மறைக்க மாட்டேன். கை கேட்கவில்லை.

குட்டி விடுதியிலிருந்தே நேராக மண்டபத்துக்குப் போவதாக ராத்திரி போனில் சொல்லியிருந்தாள். காலையில் குளித்துவிட்டு, "எனக்கு எந்தப் புடவைம்மா?" என்று கேட்டேன்.

அவள் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அதான் அண்ணி யோசிக்கறேன். நல்லதெல்லாம் டிரைகிளீனிங் போயிருக்கு. மத்ததுக்கு உங்க அளவு ரவிக்கை கிடையாது. மழை வேற. அந்தக் கோட்டப் போட்டுக்கிட்டு வந்தா... அங்க எல்லாரும் நல்லா உடுத்திட்டு வருவாங்க. குட்டிக்குத்தான் சங்கடம். நீங்க வீட்ல ரெஸ்ட் எடுங்க, போட்டோ பூரா காட்டறேன்."

நான் தம்பியைப் பார்த்தேன். அவன் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தான். ஒரு ஷூவுக்கு எவ்வளவு நேரம்தான் லேஸ் கட்ட முடியும்? அவன் கட்டினான்.

"கதவ உள்ள பூட்டிக்கோக்கா" என்றான் எழுந்ததும்.

கார் போய்விட்டது. அந்தப் புடவையில் அவள் நன்றாகத்தான் இருந்தாள்.

பதினோரு மணிக்குப் போன் அடித்தது. குட்டி. பின்னால் ஒரே கூட்டச் சத்தம்.

"அத்தை, சீட்டு காலியா இருக்கேன்னு கேட்டா, உங்களுக்குக் காய்ச்சல்னு அம்மா சொல்றாங்க. எப்ப வந்துச்சு? ராத்திரி நல்லாத்தானே பேசினீங்க? மாத்திரை போட்டீங்களா?"

ஆமாம்மா, படுத்திருக்கேன், நீ போய் மேடை ஏறு என்று சொல்லியிருந்தால் எல்லோருக்கும் சௌகரியமாக இருந்திருக்கும். அவளுக்கு நல்ல நாள். அது எனக்கும் தெரியும். ஐம்பத்தெட்டு வயது வரை எல்லோருக்கும் சௌகரியமாகப் பேசியே வாய் தேய்ந்துபோனவள் நான்.

"காய்ச்சல் இல்லம்மா. போட்டுக்கத் துணி இல்ல."

"என்ன அத்தை சொல்றீங்க?"

"என் கோட்டையும் பட்டுப்புடவையையும் எடுத்து வெளிய வச்சிட்டு, அந்த எடத்துலதான் உங்கம்மா புடவையக் கொண்டு வந்தேன். இப்ப கட்டியிருக்காங்களே, அதான். ரவிக்கை இறுக்குதான்னு கேளு, நேத்துதான் பிரிச்சுத் தச்சேன்."

மைக்கில் யாரோ வரிசையாகப் பெயர் வாசிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.